கேஸ் இல்லாமல் சேலம் கோர்ட்டுக்குள் போய் உட்காரலாமா?

சேலத்தில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "எனக்கு எந்தக் கேஸும் இல்லை, சட்டமும் படிக்கவில்லை. அஸ்தம்பட்டி கோர்ட்டுக்குப் போய் ஒரு விசாரணையை உட்கார்ந்து பார்க்க ஆசை. உள்ளே விடுவார்களா? விட்டால் எதைப் பார்ப்பது? வீட்டில் சொன்னால், 'நம்ம வீட்டில் யாரும் கோர்ட் படி ஏறியதில்லை, நீ எதுக்குப் போற' என்கிறார்கள்."

போகலாம் தங்கை. தாராளமாகப் போகலாம். சேலம் மாவட்ட நீதிமன்றங்களில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அதில் பெரும்பாலான வருடங்கள் நீதிபதியின் மேடைக்குக் கீழே உட்கார்ந்து, சாட்சிகள் சொல்வதைத் தட்டச்சு செய்தேன். அந்த இருபத்தெட்டு வருடத்தில் வெறுமனே பார்க்க வந்தவர்கள் என்று ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். அதனால் உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் உரிமை. குற்ற வழக்கு விசாரணை நடக்கும் இடம் திறந்த நீதிமன்றம், இடம் இருக்கிற அளவுக்குப் பொதுமக்கள் வரலாம் என்று சட்டமே சொல்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 327ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 366ஆம் பிரிவு. சிவில் வழக்குகளுக்கும் இதே மாதிரி ஒரு பிரிவு உண்டு. நீதி சரியாக நடக்க விசாரணை ஊரறிய நடப்பது அவசியம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 1966இலேயே சொல்லியிருக்கிறது. தேவைப்பட்டால் கதவைச் சாத்திக்கொள்ள நீதிபதிக்கு அதிகாரம் உண்டு என்றும் அதே தீர்ப்பு சொன்னது. ஆக, நீங்கள் யாரிடமும் சலுகை கேட்கப் போவதில்லை. அங்கே போடப்பட்டிருக்கும் கடைசி பெஞ்ச் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

கதவு சாத்தியிருக்கும் வழக்குகள் எவை என்று தெரிந்துகொண்டு போங்கள். பாலியல் வன்கொடுமை வழக்குகள், குழந்தைகள் மீதான குற்றங்களை விசாரிக்கும் போக்சோ வழக்குகள், விவாகரத்து, சிறார் நீதிக் குழுமம் ஆகியவற்றுக்கு வெளியாட்கள் போகக்கூடாது. பாதிக்கப்பட்டவர் மனம் விட்டுப் பேச வேண்டிய இடம் அது. கதவு சாத்தியிருந்தால் எட்டிப் பார்க்காமல் நகர்ந்துவிடுங்கள். வராந்தாவில் காதில் விழுந்த பெயரைக்கூட வெளியே சொல்லக்கூடாது. சொன்னால் குற்றம்.

சரி, உள்ளே போகிற விதம். ஏற்காடு போகிற வழியில் அஸ்தம்பட்டி ரவுண்டானா எல்லோருக்கும் தெரியும். பக்கத்தில்தான் ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகம். 1862இல் ஏற்பட்ட மத்திய சிறையும் அதே அஸ்தம்பட்டிதான். காலையில் அங்கிருந்து கைதிகளை ஏற்றிக்கொண்டு வழிக்காவலோடு போலீஸ் வேன் வந்து நிற்பதைப் பார்க்கலாம். வாசலில் போலீசார் பையைச் சோதிப்பார்கள், கேட்டால் கல்லூரி அடையாள அட்டையைக் காட்டுங்கள். பத்தரை மணிக்கு நீதிபதி மேடைக்கு வருவார், பத்தேகாலுக்கே போய்விடுங்கள். மே மாதம் வேண்டாம், சிவில் கோர்ட்டுகளுக்குக் கோடை விடுமுறை. போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிடுங்கள். போட்டோ, ரெக்கார்டிங் எதுவும் கூடாது. முன்னால் இருக்கும் நாற்காலிகள் வக்கீல்களுக்கு, பின்னால் இருக்கும் பெஞ்ச் நமக்கு. நீதிபதி வரும்போதும் எழுந்து போகும்போதும் நீங்களும் எழுந்து நில்லுங்கள்.

வாசலில் பெயர் கூப்பிடும் டவாலியோ, வழக்குக் கட்டுகளை எடுத்து வைக்கும் பெஞ்ச் கிளார்க்கோ உங்களைப் பார்த்து, "என்னம்மா, என்ன கேஸ்?" என்று கேட்பார். கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். பயப்படாதீர்கள். அந்தக் கேள்விக்கு நியாயமான காரணம் இருக்கிறது. ஒரு வழக்கில் சாட்சி சொல்ல வேண்டியவர், தன் முறை வரும் வரை உள்ளே உட்காரக்கூடாது. முன்னால் ஏறிய சாட்சி சொன்னதைக் கேட்டால் தன் சாட்சியத்தை அதற்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்வார். புது முகம் ஒன்று பின்னால் உட்கார்ந்திருந்தால், அடுத்த சாட்சியோ, எதிர்த்தரப்பு அனுப்பிய ஆளோ என்ற சந்தேகம் எங்களுக்கு வரும். "கேஸ் எதுவும் இல்லீங்க, விசாரணை பார்க்க வந்தேன், காலேஜில் படிக்கிறேன்" என்று சொல்லுங்கள், போதும். பெரும்பாலும் தலையை ஆட்டிவிட்டு அவர் வேலையைப் பார்ப்பார். எங்காவது யாராவது முகம் சுளித்தால் வாதம் செய்யாமல் அடுத்த ஹாலுக்குப் போய்விடுங்கள், அந்த வளாகத்தில் ஹாலுக்குக் குறைவில்லை.

முதல் ஒரு மணி நேரம் உங்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். அதற்குக் கால் ஒர்க் என்று பெயர். பெஞ்ச் கிளார்க் கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார், டவாலி வாசலில் நின்று பெயரை மூன்று முறை கூப்பிடுவார். ஆள் வந்தால் ஒரு வாய்தா, அதாவது அடுத்த தேதி, வராவிட்டால் ஏன் வரவில்லை என்று வக்கீல் ஆப்சென்ட் பெட்டிஷன் கொடுப்பார், அதுவும் இல்லையென்றால் பிடிவாரண்டு. ஒரு கட்டுக்கு அரை நிமிடம். "வாய்தா வாங்கறதுதான் கோர்ட்டு" என்று எரிச்சலோடு கிளம்பிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். கிளம்பாதீர்கள். பதினொன்றரை வாக்கில் வக்கீல் கூட்டம் கலையும், ஹாலில் சத்தம் அடங்கும், பெஞ்ச் கிளார்க் தடிமனான ஒரு கட்டை மட்டும் தனியாக எடுத்து மேடையில் வைப்பார். அதுதான் சாட்சி விசாரணை. அதற்குத்தான் நீங்கள் வந்தீர்கள்.

சினிமாவில் பார்த்ததை எல்லாம் வெளியே விட்டுவிட்டுப் போங்கள். சுத்தியல் கிடையாது, "ஆர்டர் ஆர்டர்" கிடையாது, பகவத் கீதை மேல் கை வைப்பதும் கிடையாது. 1969ஆம் வருடத்துப் பிரமாணச் சட்டப்படி வாயால் உறுதிமொழி சொன்னால் போதும், கடவுள் பெயரைச் சொல்ல விருப்பமில்லாதவர் உளமாற என்று சொல்லலாம். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அதுவும் கட்டாயமில்லை. ஜூரியும் இல்லை. வெயில் காலத்தில் வக்கீல்கள் கறுப்புக் கோட்டு இல்லாமல் நின்றாலும் தவறாக நினைக்காதீர்கள், கீழ்க் கோர்ட்டுகளில் கோடைக்கு அந்தத் தளர்வு உண்டு.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் வக்கீலின் முகத்தைப் பார்ப்பார்கள், சாட்சியின் முகத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் தட்டச்சு செய்பவரைப் பாருங்கள். அந்த ஹாலில் பேசப்படுவது ஒன்று, எழுத்தாக ஏறுவது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தில்தான் வழக்கு நடக்கிறது.

எப்படி என்று சொல்கிறேன். நம் கோர்ட்டில் சாட்சி தமிழில் பேசுவார். நீதிபதி அதைக் கேட்டு வாக்கியமாக்கிச் சொல்லுவார், தட்டச்சர் அடிப்பார். கேள்வி ஒரு வரி, பதில் ஒரு வரி என்று பெரும்பாலும் எழுதுவதில்லை. எல்லாமே சாட்சி தானாகச் சொல்லிக்கொண்டு போவது போலத்தான் ஏறும். சாட்சியை அழைத்த தரப்பு வக்கீல் கேட்கும் முதல் விசாரணையில் இதனால் சிக்கல் இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் குறுக்கு விசாரணைக்கு வந்ததும் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். வக்கீல் கேட்பார்: "நீங்க அன்னைக்கு அந்த இடத்துலயே இல்ல, போலீஸ் சொல்லிக் கொடுத்து வந்து சொல்றீங்க, சரிதானே?" சாட்சிக்குக் கோபம் வரும். "ஏனுங்க, நான் எதுக்குங்க பொய் சொல்லோணும்? என்ற கண்ணால பாத்தேனுங்க!" என்பார். தாளில் எப்படி ஏறும் தெரியுமா? "நான் சம்பவ இடத்தில் இல்லை என்றும் காவல்துறை சொல்லிக் கொடுத்துச் சாட்சியம் அளிக்கிறேன் என்றும் சொன்னால் சரியல்ல." கோபம் போயிற்று, கண்ணால் பார்த்தது போயிற்று. "சொன்னால் சரியல்ல" மட்டும் நிற்கும். ஒப்புக்கொண்டால் "என்று சொன்னால் சரிதான்". ஒரு நாள் உட்கார்ந்தால் இந்த இரண்டு தொடர்களையும் நூறு தடவையாவது கேட்பீர்கள்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? மேல்முறையீடு என்று சென்னைக்குப் போனால் அங்கே இருக்கும் நீதிபதிகள் சாட்சிகளை மறுபடி கூப்பிட்டுக் கேட்பது அபூர்வம். அவர்கள் படிப்பது இங்கே அடித்த தாளைத்தான். சேலத்தில் 1882இல் நடந்த கலவர வழக்கில் சி. விஜயராகவாச்சாரியாருக்குப் பத்து ஆண்டு தண்டனை விதித்தார்கள். இந்த ஊரில் வக்கீல் தொழில் செய்துகொண்டிருந்த அவரே குற்றவாளிக் கூண்டில் நின்றார். மேலே போராடி அதிலிருந்து மீண்டார். 1920 நாக்பூர் காங்கிரசுக்குத் தலைமை வகித்தவர் அதே மனிதர்தான். ஒருவருடைய மீதி வாழ்க்கை மேல் கோர்ட்டில் மாறலாம், மாறுவதற்கு அங்கே கையில் இருப்பது கீழ்க் கோர்ட்டின் எழுத்து.

நான் மறக்காத ஒரு நாளைச் சொல்கிறேன். ஒரு கொலை வழக்கு. ஒரு பாட்டி, கண்ணால் பார்த்த சாட்சி. "எந்நேரம் இருக்கும்?" என்று அரசு வக்கீல் கேட்டார். பாட்டி, "வெளக்கு வெச்ச நேரமுங்க" என்றார். நான் பழக்கத்தில் "மாலை சுமார் 6.30 மணிக்கு" என்று அடித்துவிட்டேன். அந்த நீதிபதி அடித்த தாளை வாங்கிப் பார்க்கும் வழக்கம் உள்ளவர். பார்த்தார், பேனாவை எடுத்தார், அதை அடித்துவிட்டு ஓரத்தில் "விளக்கு வைத்த நேரம்" என்று தன் கையாலேயே எழுதிச் சுருக்கொப்பம் போட்டார். "அவங்க சொன்ன வார்த்தையையே போடுங்க. மணி அவங்க சொல்லல" என்றார். அவ்வளவுதான். பத்து நிமிடம் கழித்துக் குறுக்கு விசாரணை. "உங்க வீட்டில் கடிகாரம் உண்டா?" "இல்லீங்க." "மணி பார்க்கத் தெரியுமா?" "தெரியாதுங்க." வக்கீல் அங்கேயே நிறுத்திக்கொண்டார். தாளில் 6.30 என்று நின்றிருந்தால், மணி பார்க்கத் தெரியாத பாட்டி மணி சொன்னது எப்படி என்ற கேள்வி கிளம்பியிருக்கும், அவருடைய முழுச் சாட்சியமும் ஆட்டம் கண்டிருக்கும். பாட்டி ஒரு பொய்யும் சொல்லவில்லை. என் விரல்கள் சொல்லவிருந்தன. அன்றிலிருந்து ஓய்வு பெறும் வரை சாட்சி சொல்லாத மணியை நான் அடித்ததில்லை.

சாட்சியம் முடிந்ததும் அடித்ததைச் சாட்சிக்குப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். இதையும் கவனியுங்கள். நிதானமாகப் படித்துக் காட்டுகிறார்களா, அவசரமாக ஓட்டுகிறார்களா? பின்பெஞ்சில் ஒரு ஆள் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தால் ஹாலின் நடையே மாறும். நான் அதைப் பல தடவை உணர்ந்திருக்கிறேன். வெறும் பெஞ்சைப் பார்த்து வேலை செய்வதும், ஒரு ஜோடிக் கண் பார்க்க வேலை செய்வதும் ஒன்றாக இருப்பதில்லை. யாரும் கோர்ட் படி ஏறியதில்லை என்று உங்கள் வீட்டில் பெருமையாகச் சொல்வது எனக்குப் புரிகிறது. வழக்கு என்றால் நிலம் போகும், நிம்மதி போகும் என்று கண்டு வளர்ந்தவர்கள் அவர்கள். ஆனால் வழக்காட ஏறுவது வேறு, பார்க்க ஏறுவது வேறு என்று அவர்களிடம் சொல்லுங்கள்.

போலீசில் கொடுத்த வாக்குமூலம் பற்றியும் ஒரு வார்த்தை. குறுக்கு விசாரணையில் வக்கீல், "இதைப் போலீஸ் விசாரிச்சப்போ சொன்னீங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்பார். சாட்சி "சொன்னேன்" என்பார். வக்கீல் சண்டை போடாமல் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். என்ன இது, விட்டுவிட்டாரே என்று உங்களுக்குத் தோன்றும். விடவில்லை. பல வாய்தா கழித்து விசாரணை அதிகாரியான இன்ஸ்பெக்டர் கூண்டு ஏறும்போது, "அந்தச் சாட்சி என் விசாரணையில் அப்படிச் சொல்லவில்லை" என்று அவர் வாயால் வாங்கிக்கொள்வார். அன்று போட்ட முடிச்சு இன்று இறுகும். ஒரே நாள் வந்து போகிறவருக்கு இது கண்ணில் படாது.

கடைசிக் கட்டத்தில் நீதிபதி குற்றம் சாட்டப்பட்டவரிடமே நேராகப் பேசுவார். பழைய சட்டத்தில் 313ஆம் பிரிவு, புதியதில் 351. கோர்ட்டில் இன்னும் 313 என்றுதான் வாயில் வருகிறது. உங்களுக்கு எதிராக இந்தச் சாட்சி இப்படிச் சொல்லியிருக்கிறார், என்ன சொல்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். பிரமாணம் இல்லை, வக்கீலின் குறுக்குக் கேள்வி இல்லை. பெரும்பாலானவர்கள் "பொய்" என்ற ஒரே சொல்லோடு முடித்துக்கொள்வார்கள். தீர்ப்பும் திறந்த கோர்ட்டில்தான் சொல்ல வேண்டும். குற்றவாளி என்று சொன்ன பிறகு, தண்டனை பற்றி என்ன சொல்ல விரும்புகிறீர்கள் என்று அவரையே கேட்பார்கள். அந்த நேரத்தில் நீங்கள் உள்ளே இருக்க நேர்ந்தால் குனிந்து உட்காருங்கள். "சின்னப் புள்ளைங்க இருக்குதுங்க ஐயா" என்று ஒருவர் சொல்லும்போது அவர் குடும்பம் உங்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கும்.

இதே காரணத்துக்காக இன்னொன்று. சாட்சி பேசும்போது தலையை ஆட்டாதீர்கள், சிரிக்காதீர்கள், உச்சுக் கொட்டாதீர்கள். கூண்டில் இருப்பவர் பயத்தில் யார் முகத்தையாவது பார்த்துக்கொண்டுதான் பேசுவார். ஒரு தடவை பின்பெஞ்சில் இருந்தவர் சாட்சியின் ஒவ்வொரு பதிலுக்கும் தலையாட்டிக்கொண்டே இருந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் கவனித்துச் சொன்னார், நீதிபதி அவரை வெளியே அனுப்பினார். அவர் எந்தப் பக்கத்து ஆளும் இல்லை, கேட்பதில் ஒன்றிப்போனவர்.

எந்த ஹாலுக்குப் போவது? கொலை வழக்குக்கு மாவட்ட அமர்வு நீதிமன்றம். அங்கே இரண்டு எண்கள் கலந்து காதில் விழும். 2024 ஜூலைக்கு முன் நடந்த கொலைக்குப் பழைய தண்டனைச் சட்டத்தின் 302ஆம் பிரிவு, பின்னால் நடந்ததற்குப் புதிய தண்டனைச் சட்டத்தின் 103. ஆனால் என்னைக் கேட்டால் முதல் நாள் எம்.சி.ஓ.பி. நடக்கும் கோர்ட்டுக்குப் போங்கள். வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகள். நாலு திசை நெடுஞ்சாலையும் சந்திக்கிற நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. ஒரு மனிதரின் வருமானம் அங்கே எப்படிக் கணக்காகிறது என்று பாருங்கள். உதாரணத்துக்கு, 38 வயது விசைத்தறித் தொழிலாளி ஒருவர் இறந்துபோகிறார், மாதம் 12,000 ரூபாய் வருமானம் என்று நிரூபணமாகிறது. நாற்பதுக்குக் கீழே இருப்பதால் எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் கூட்டினால் 16,800. மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என நான்கு பேர் அவரை நம்பி இருந்ததால் அவருடைய சொந்தச் செலவுக்கு நான்கில் ஒரு பங்கு கழித்தால் 12,600. வருடத்துக்கு 1,51,200. அந்த வயதுக்குப் பெருக்கும் எண் 15. ஆக 22,68,000 ரூபாய், இதர தலைப்புகள் தனி. இந்த முறையை உச்ச நீதிமன்றம் 2009இலும் 2017இலும் கொடுத்த தீர்ப்புகளில் வகுத்தது. இப்போது அந்த 12,000 எங்கிருந்து வந்தது? சம்பளச் சீட்டு இல்லாத தறித் தொழிலாளிக்கு அதை நிரூபிக்கத்தான் அவர் மனைவி கூண்டில் நின்று தவிப்பார். "மாசம் எவ்வளவு கொண்டு வருவார்?" என்ற கேள்விக்கு அவர் சொல்லும் ஒற்றை எண்ணை வைத்துத்தான் அத்தனை பெருக்கலும்.

நிலத் தகராறு பார்க்க வேண்டுமென்றால் சங்ககிரி, ஆத்தூர் பக்கம் முன்சீப் கோர்ட்டுகள், அதாவது கீழ்நிலை சிவில் கோர்ட்டுகள் நல்லது. வண்டித்தடம், கூட்டுக் கிணற்றில் நாலில் ஒரு பங்கு, முறைத் தண்ணீர், இதுதான் பாதிக்கு மேல். சிவில் வழக்கில் முதல் விசாரணையை நிரூபண வாக்குமூலமாக எழுதியே கொடுத்துவிடுவார்கள், அதனால் நீங்கள் பார்ப்பது குறுக்கு விசாரணையிலிருந்துதான் தொடங்கும். வழக்கின் தலையும் காலும் புரியவில்லை என்று குழம்ப வேண்டாம், பத்து நிமிடம் பொறுத்தால் கிணறு எந்தத் திசையில் இருக்கிறது என்று பிடிபட்டுவிடும்.

ஒரே நாளில் நாலு ஹால் சுற்றுவதைவிட ஒரே வழக்கை நாலு வாய்தா பின்தொடருங்கள். அன்றைய சாட்சி முடிந்ததும் நீதிபதி அடுத்த தேதியைச் சொல்லுவார், பெஞ்ச் கிளார்க் அதைக் கட்டின் மேல் எழுதுவார். வழக்கு எண்ணையும் தேதியையும் ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். இகோர்ட்ஸ் தளத்தில் சேலம் மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்து அந்த எண்ணைப் போட்டால், வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, அடுத்த வாய்தா என்றைக்கு என்று வரும். முந்தின நாள் ராத்திரி ஒரு தடவை பார்த்துவிட்டு, மறுநாள் பத்தேகாலுக்கு அதே பெஞ்சில் போய் உட்காருங்கள்.